வயலுக்குப் போறவரா?

மார்கழி மாதம், இரவு ஒன்பதரை இருக்கும், அக்கா போன் எடுத்தாள். மழை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்ததால் லைன் சரியாகக் கேட்கவில்லை. "தம்பி, அத்தானுக்கு மேல் காயுது. தேமாமீட்டர் வச்சுப் பாத்தன், 37.8 காட்டுது. ரெண்டு பனடோல் குடுத்திருக்கன். விடியப் பாப்பமா?" என்றாள். சரி, விடியப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நான் படுத்துவிட்டேன். அத்தான் கிட்னி மாற்றியவர். அப்போது மாற்றி இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அன்றிரவு நான் சொன்ன அந்தச் சரியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாள் போய்விட்டது, மூன்று நாளைக்கு முதலே வந்திருந்தால் நெஞ்சில் இவ்வளவு பரவியிருக்காது என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். ஏசிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், ஆனாலும் இன்றுவரை அது எனக்குக் காதுக்குள்ளேயே கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் கிட்னி மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால், ஒரு இரவு எங்களைப்போல 'விடியப் பாப்பம்' என்று இருந்துவிடாமல் எழும்பிப் போவார்கள் என்ற ஆசையில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

அக்கா வீடு படுவான்கரையில். மட்டக்களப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், வாவி எங்கள் மாவட்டத்தை நீளத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பட்டினமும் பெரிய ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம், வட்டை வட்டையாக வயல் கிடப்பது அந்தப் பக்கம். அத்தானுக்கு ஆறு ஏக்கர், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் பூமி. வரம்பில் அவர் செருப்புப் போட்டு நடந்து நான் கண்டதேயில்லை. வேளாண்மை நிற்கிற பூமியைச் செருப்புக் காலால் மிதிக்கக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததாம். பிரஷர் இருப்பது தெரியாமலே பல வருடம் திரிந்து, தெரியவந்தபோது இரண்டு கிட்னியும் முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். பிறகு அக்காவினுடையது பொருந்துகிறது என்றார்கள், அவள் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கண்டியில்தான் ஒப்பரேஷன். செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகிற அந்தப் பாதையில் எத்தனை தரம் போய்வந்தோம் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் அக்கா அந்த வளைவுகளில் சத்தி எடுத்துக்கொண்டேதான் வருவாள். புதுக் கிட்னி வேலை தொடங்கி, கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையில் மூத்திரம் நிறைந்ததைப் பார்த்து முழுக் குடும்பமும் அழுத குடும்பம் எங்களுடையது.

வீட்டுக்கு வரும்போது ஒரு பெரிய பை நிறைய மாத்திரை தந்து விட்டார்கள். அதில் மூன்று, உயிர் இருக்கும்வரை போடவேண்டியவை: டக்ரோலிமஸ், மைக்கோபீனொலேட், பிரெட்னிசொலோன். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, பிசகக்கூடாது. கிளினிக் நாளில் மட்டும் காலை டக்ரோலிமஸைப் போடாமல் வெறும் வயிற்றோடு போய், இரத்தம் கொடுத்த பிறகுதான் போடவேண்டும், அப்போதுதான் மருந்தின் அளவு சரியாகத் தெரியும். அக்காவின் கிட்னியை அத்தானின் உடம்பு அந்நியன் என்று அடித்து விரட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மூன்றின் வேலை.

இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியமாகிப் போனது. பெரும்பாலும் மண். டக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணிலிருந்து எடுத்த ஒரு பக்டீரியா சுரக்கிற பொருள். மருந்தின் பெயரில் உள்ள முதல் எழுத்தே அந்த மலையின் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்பு வந்து, மாற்று சிகிச்சையின் தலைவிதியையே மாற்றிய சைக்ளோஸ்போரின், நோர்வேயில் ஒரு மேட்டு நிலத்தின் மண்ணில் இருந்த பூஞ்சணத்திலிருந்து வந்தது. மைக்கோபீனொலேட்டும் பூஞ்சண வகையிலிருந்துதான். மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான கிருமிகள் ஒன்றையொன்று அடக்குவதற்கு இப்படிப்பட்ட பொருட்களை விட்டுக்கொண்டே இருக்கின்றன, அதில் ஒன்றை எடுத்துத்தான் நாங்கள் மனிதனின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறோம். அத்தானை உயிரோடு வைத்திருப்பது எங்கோ ஜப்பான் மண், அத்தானைக் கொல்லப் பார்த்தது அவருடைய சொந்த வயல் மண்.

அந்த மருந்துகள் செய்யும் வேலையை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். எங்கள் இரத்தத்தில் ரி செல் என்று ஒரு வகைக் காவற்காரர் இருக்கிறார்கள். வேற்று ஆளைக் கண்டதும் மற்றவர்களைக் கூப்பிடுவார்கள், பெருகுவார்கள், போய் அடிப்பார்கள். டக்ரோலிமஸ் அந்தக் கூப்பிடும் குரலை அடைத்துவிடுகிறது. மைக்கோபீனொலேட் அவர்களைப் பெருகவிடாமல் தடுக்கிறது. பிரெட்னிசொலோன் சண்டை நடக்கும் இடத்தில் உண்டாகிற வீக்கம், சிவப்பு, சூடு, நோவு எல்லாவற்றையும் தணித்துவிடுகிறது. இந்த மூன்றாவதுதான் வீட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏனென்றால் காய்ச்சல் என்பது கிருமி போடுகிற சத்தம் இல்லை, எங்கள் உடம்பு போடுகிற சத்தம். சீழ், வீக்கம், நெறி கட்டுவது எல்லாம் அப்படித்தான். உடம்பின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, சத்தம் வரவில்லையே, அப்படியென்றால் வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு 39 அடிக்கவேண்டிய காய்ச்சல் அத்தானுக்கு 37.8 ஆகத்தான் காட்டும். சிலருக்கு அதுவும் காட்டாது, சாப்பாடு மனமில்லை, உடம்பு அலுப்பாக இருக்கிறது என்ற அளவில்தான் இருக்கும், உள்ளே நுரையீரல் நிறையக் கிருமி இருக்கும்.

இப்படி எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் மட்டும் தலைகாட்டுகிற, அல்லது மற்றவர்களுக்குச் சின்னதாக வந்துபோவது இவர்களுக்குப் பெரிதாக வருகிற தொற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்கிறார்கள். வைத்தியர்கள் இதற்கு ஒரு காலக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் ஒப்பரேஷன் காயம், வயர், குழாய், ஆஸ்பத்திரிக் கிருமி. இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை, மருந்து உச்ச அளவில் இருக்கும் காலம், அப்போதுதான் விசித்திரமான கிருமியெல்லாம் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் கொட்ரைமொக்சசோல் என்ற, கிருமிக்கு எதிரான மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு மருந்தின் அளவு குறைய, ஊரில் எல்லாருக்கும் வருகிற தொற்றுக்கள்தான் இவர்களுக்கும் அதிகம் வரும் என்பது கணக்கு. ஊரில் எல்லாருக்கும் வருவது எது என்பது ஊரைப் பொறுத்ததுதானே. நெதர்லாந்தில் ஒருவருக்கும் படுவான்கரையில் ஒருவருக்கும் அது ஒன்றாக இருக்காது. அத்தானுக்கு ஆறு மாதம் முடிய அந்தக் கொட்ரைமொக்சசோலை நிற்பாட்டினார்கள், அது வழமையான நடைமுறைதான், பிழை இல்லை. இதற்கிடையில் டக்ரோலிமஸும் பிரெட்னிசொலோனும் சேர்ந்து அவருக்குப் புதிதாகச் சீனி வருத்தத்தையும் கொண்டுவந்திருந்தன. அதுவும் மருந்து கொப்பியில் ஒரு வரியாகச் சேர்ந்தது, நாங்கள் தேத்தண்ணீரில் சீனியைக் குறைத்ததோடு விட்டுவிட்டோம்.

வயலுக்குள் இறங்காதே என்று கண்டியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அத்தானும் இறங்கவில்லை, வரம்பில் நின்று ஆட்களுக்குச் சொல்வதோடு சரி. அந்த வருடம் பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண் உயரம் நின்ற நேரம் பார்த்து விடாமல் நாலு நாள் மழை. மேல் துண்டின் வரம்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தது. கூப்பிட்ட ஆள் வரவில்லை, பயிர் கண்முன்னே சரிகிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டார். ஒரு மணித்தியாலம்கூட இருக்காது. குதிக்காலில் பித்தவெடிப்பு எப்போதும் இருப்பதுதான், இந்தப் பக்கத்தில் வயல் செய்கிற யாருக்குத்தான் இல்லை. அக்கா ஏசினாள், அவர் கால் கழுவினார், கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா எனக்குப் போன் எடுத்தது அதிலிருந்து ஒன்பதாவது நாள்.

விடிந்து பார்த்தபோது காய்ச்சல் இல்லை. பனடோல் குடித்தால் இருக்காதுதானே. பின்னேரம் திரும்பக் காய்ந்தது. பக்கத்தில் இருந்த ஒரு டிஸ்பென்சரியில் காட்டினார்கள், அமொக்சிசிலின் தந்தார்கள். கிட்னி மாற்றியவர் என்று சொன்னீர்களா என்று பிறகு கேட்டேன். "சொல்லல்ல தம்பி, சனம் கூட நிண்டிச்சு, காய்ச்சல் மருந்துதானே எண்டு வந்திட்டம்" என்றாள் அக்கா. மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் கல்லடியிலிருந்து ஓடிப்போய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டெங்கு பார்த்தார்கள், எலிக்காய்ச்சல் பார்த்தார்கள், மழைகாலத்தில் இங்கே அந்த இரண்டும்தான் முதலில் எல்லாருக்கும் நினைவு வரும். ஊசி மருந்து தொடங்கினார்கள். எக்ஸ்ரேயில் வலது பக்க நுரையீரல் வெள்ளையாகக் கிடந்தது. இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் ஏதோ வளர்கிறது, ஆனால் இரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம் என்றார்கள். ஒரு நாள் அதோடு போனது. பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அங்கே இரவு வாட்டுக்கு வந்த ஒரு இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார். கிளினிக் கொப்பியைப் புரட்டினார், அத்தானின் கையைப் பார்த்தார், பிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். அதுவரை யாரும் காலைப் பார்க்கவில்லை. "ஐயா வயலுக்குப் போறவரா?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் ஒக்சிஜன் மாஸ்க்குக்குள்ளால் ஓம் என்று தலையாட்டினார். டொக்டர் அப்போதே லாபுக்குப் போன் எடுத்து, அந்தக் கல்ச்சரை எறிந்துவிட வேண்டாம், இந்த ஆள் வயல் ஆள், சீனி இருக்கிறது, கிட்னி மாற்றியவர் என்று சொன்னார். விடை வருவதற்கு முதலே மருந்தையும் மாற்றினார். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளைக்காக இன்றும் விளக்கு வைக்கிறார்கள்.

மெலியோய்டோசிஸ் என்றார்கள். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் பிறந்து வளர்ந்தது இந்த மாவட்டம், பாட்டன் பூட்டன் எல்லாரும் வயல்காரர், எலிக்காய்ச்சல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லி. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும். வெயிலுக்கு மண்ணின் ஆழத்தில் கிடந்து, மழைக்கு மேலே வரும். காலில் சின்ன வெடிப்பு போதும். தண்ணீரைக் குடித்தும் வரும், பலத்த மழைக் காற்றில் மூச்சோடு உள்ளே போயும் வரும். நல்ல சுகதேகிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சீனி வருத்தம், கிட்னி வருத்தம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அதற்கு வழி திறந்ததுதான். அத்தானுக்கு மூன்றும் இருந்தது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், மூட்டு என்று எங்கும் போய்க் கட்டி போடும். சிலருக்கு வருடக்கணக்காக உள்ளே உறங்கிக் கிடந்து, உடம்பு பலவீனப்படும் நாளில் எழும்பும்.

புது வருத்தமும் இல்லை. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய வைத்தியரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசாமியும், இறந்துபோன ஏழை மக்களின் உடல்களை அறுத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கிருஷ்ணசாமி என்ற பெயரை வாசித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவாகிவிட்டார், கொழும்பில் தேயிலை வியாபாரம் செய்த ஒரு ஐரோப்பியர். அதற்குப் பிறகு பல பத்து வருடம் இங்கே அந்த வருத்தமே இல்லை என்பதுபோலத்தான் இருந்தது, தேடாததால் தென்படவில்லை. லாப்களுக்குக் கிருமியை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துத் தேடத் தொடங்கியது 2006க்குப் பிறகுதான், தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பக்கத்திலிருந்தும் வரிசையாக வரத் தொடங்கியது, எங்கள் மட்டக்களப்பிலிருந்தும்தான். உலகம் முழுவதிலும் வருடத்துக்கு 165,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தொகையில் எத்தனை பேர் வயல்காரராக இருப்பார்கள் என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. நிமோனியா, செப்டிசீமியா என்று மரணச் சான்றிதழில் எழுதிப் புதைத்த எங்கள் ஊர் ஆட்களில் எத்தனை பேர் இதனால் போனவர்களோ.

இந்தக் கிருமிக்குச் சாதாரண மருந்து பிடிக்காது. அமொக்சிசிலின் தனியே வேலை செய்யாது, ஜென்டாமைசின் பெரும்பாலும் வேலை செய்யாது, அதோடு ஜென்டாமைசின் கிட்னியையும் கெடுக்கும். செப்டசிடீம் அல்லது மெரோபெனம் ஊசிதான் வேண்டும். 1989இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில், கடுமையாக வந்தவர்களுக்குப் பழைய மருந்துகளுக்குப் பதிலாகச் செப்டசிடீம் கொடுத்தபோது, இறப்பு 74 வீதத்திலிருந்து 37 வீதத்துக்கு இறங்கியது. சரியான மருந்துக்கும் ஏதோ ஒரு மருந்துக்கும் இடையில் பாதி உயிர். ஊசி குறைந்தது இரண்டு கிழமை, அத்தானுக்கு நாலு கிழமை போட்டார்கள். பிறகு மாத்திரையாகக் கொட்ரைமொக்சசோல், முந்திப் போட்டதைவிடப் பல மடங்கு பெரிய அளவில், மூன்று மாதத்துக்குக் குறையாமல். இடையில் விட்டால் திரும்ப வரும்.

அந்த நாலு கிழமையில் எங்களை அதிகம் பயப்படுத்தியது கிருமி இல்லை, கிட்னி. தொற்றை வெல்ல வேண்டுமென்றால் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அவிழ்த்துவிட வேண்டும், அவிழ்த்துவிட்டால் அது முதலில் அக்காவின் கிட்னியில்தான் பாயும். மைக்கோபீனொலேட்டை நிறுத்தினார்கள், டக்ரோலிமஸைக் குறைத்தார்கள், பிரெட்னிசொலோனை மட்டும் விடாமல் கொடுத்தார்கள். கிட்னி கெடக் கெட இரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் என்ற கழிவின் ரிப்போட் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வரும். 1.3 இருந்தது 2.1 ஆனது. அக்கா ரிப்போட்டை வாங்கிப் பார்க்கமாட்டாள், என்னிடம் தந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "என்ட கிட்னி போனாலும் பரவால்ல தம்பி, ஆள் இருந்தாக் காணும்" என்று ஒரு நாள் சொன்னாள், அதை அத்தான் கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. பெரிய அளவு கொட்ரைமொக்சசோலும் டக்ரோலிமஸும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அதனால் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. வருத்தக்காரருக்கு இளநீர் கொண்டு வராத சொந்தக்காரர் எங்கள் ஊரில் உண்டா? வந்த இளநீரையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தோம். கிரியேட்டினின் கடைசியில் 1.6இல் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அதோடு வாழலாம் என்றார்கள்.

மெலியோய்டோசிஸ் மட்டும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. கிட்னி மாற்றியவர்களுக்கு அதிகம் வருகிற பக்டீரியாத் தொற்று மூத்திரத் தொற்றுத்தான், அதிலும் பெண்களுக்கு. சிலருக்கு எரிவு இருக்காது, நோவு இருக்காது, நேராகக் காய்ச்சலாக வரும். நொகார்டியா என்று இன்னொரு மண் கிருமி, நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும். கல்ச்சரில் மெதுவாகத்தான் வளரும், லாபுக்குச் சந்தேகம் என்று சொல்லிவைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். காசநோய், சின்ன வயதில் வந்து உறங்கிக் கிடந்தது இந்த மருந்துகளில் எழும்பிவிடும். அதற்குக் கொடுக்கிற ரிபாம்பிசின் டக்ரோலிமஸை உடம்பில் நிற்கவிடாமல் அழித்து, கிட்னியை ஆபத்தில் கொண்டுபோய் விடும், எனவே அளவை விடாமல் பார்த்து ஏற்ற வேண்டும். மறுபக்கம், தொண்டை நோவுக்குச் சாதாரணமாகத் தருகிற எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் டக்ரோலிமஸை நச்சு அளவுக்கு ஏற்றிவிடும். டிக்ளோபெனக் போன்ற நோவு மாத்திரை கிட்னிக்கு நேரே அடி. பார்மசியில் சொல்லி வாங்கிப் போடுகிற பழக்கம் இந்த வீடுகளில் அடியோடு நிற்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பிறகு லிஸ்டீரியா. அது பிரிட்ஜுக்குள்ளும் வளரக்கூடிய கிருமி, காய்ச்சாத பாலிலும் அதில் செய்தவற்றிலும் இருக்கும், மூளைக் காய்ச்சலைக் கொண்டுவரும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரை விடு என்று யாரிடம் சொல்வது? அக்கா இப்போது தெரிந்த பட்டிக்காரரிடம் பால் வாங்கி, பொங்கக் காய்ச்சி, வீட்டிலேயே சட்டியில் உறைய வைக்கிறாள். கிணற்றுத் தண்ணீரும் கொதிக்க வைத்துத்தான். வெள்ளம் கிணற்றுக்கு மேலால் போன வருடங்களில் குளோரின் போடும்வரை அதில் முகம் கழுவவும் விடுவதில்லை.

வயலை விட்டுவிடச் சொல்வது லேசு. கிளினிக்கில் சொல்கிறார்கள், புத்தகத்தில் இருக்கிறது, சொந்தக்காரர் எல்லாரும் சொன்னோம். ஆனால் ஆறு ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்தால் வருகிற நெல்லில் அத்தானின் மருந்துக்கும் கண்டிப் பயணத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் காணாது என்பதைச் சொல்கிறவர்கள் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எலிக்காய்ச்சலுக்கு விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் மூலம் வயல்காரருக்கு டொக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள், நல்ல வேலை, பல உயிர் தப்பியிருக்கிறது. அதே கையோடு, உங்களில் யாருக்குச் சீனி இருக்கிறது, யாருக்குக் கிட்னி வருத்தம், யார் மாற்றியவர் என்று கேட்டு, சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் போடச் சொன்னால் எவ்வளவு நல்லது. அவுஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு மழைகாலத்தில் கொட்ரைமொக்சசோல் கொடுத்து இந்த வருத்தத்தைத் தடுத்திருக்கிறார்கள். இங்கே யார் யாருக்கு அப்படிக் கொடுக்கலாம் என்பதை வைத்தியர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கார்த்திகை பிறக்கிறபோது கிளினிக்கில் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கலாம். அத்தானுக்காக நான் கேட்டேன், இப்போது மழைகாலத்தில் அவருக்கு அந்த மாத்திரை உண்டு.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி லேமினேட் பண்ணி அத்தானின் பேர்சில் வைத்திருக்கிறேன், மூன்று மொழியிலும். கிட்னி மாற்றியவர், இன்ன வருடம். இன்ன இன்ன மருந்து போடுகிறார். சீனி இருக்கிறது. வயல் செய்கிறவர், மெலியோய்டோசிஸ் வந்தது. எந்த டொக்டரிடம் போனாலும் வாய் திறக்க முதல் அதை நீட்ட வேண்டும், சனம் எவ்வளவு நின்றாலும். அக்காவின் வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் தேமாமீட்டர் தொங்குகிறது. 37.5 தாண்டினால் பனடோல் கொடுக்க முதல் எனக்குப் போன், எந்தச் சாமமானாலும். நான் முச்சக்கர வண்டிக்காரரை எழுப்புவேன், அவருக்கும் விஷயம் தெரியும், அவர் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. போன வருடம் மட்டும் இரண்டு தரம் இப்படி இரவில் ஓடினோம். ஒரு தரம் மூத்திரத் தொற்று, மற்றத் தரம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று விடியக்காலை வீட்டுக்குத் திரும்பி வரும்போது அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

இந்த மாரிக்கு வயல் பார்க்க நானும் அவரோடு போனேன். அத்தான் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையுறை. வரம்பில் ஏறும்போது குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், கையுறையோடுதான். அப்பா சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. மேல் துண்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவரை இறங்கவிட நான் தயாரில்லை. களுசானை மடித்துக்கொண்டு நானே இறங்கிக் கையை விட்டுப் பார்த்தேன்.

"எவ்வளவு நிக்குது?"

"ஒரு சாண் இருக்கும் அத்தான்."

"உன்ட சாணா, என்ட சாணா?"

நான் கையை விரித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி அங்கிருந்தே அளந்தார். கொஞ்சம் வெட்டிவிட வேண்டும், காலையில் ஆளைப் பிடிப்போம் என்றார். நான் வரம்பில் ஏறியதும் என் காலைப் பார்த்தார், விரல் இடுக்குவரை. பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்த போத்தல் தண்ணீரையும் சவர்க்காரத் துண்டையும் எடுத்துத் தந்தார். "நல்லாத் தேச்சுக் கழுவு தம்பி. உனக்கும் போன மாசம் சீனி கூட எண்டு அக்கா சொன்னாள்."